ஸ்ட்ராபெரி வாசனையடித்த மழை

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நேற்று வண்டி மலையேறி வந்தது. அரிசி வந்தது, காஸ் சிலிண்டர் வந்தது, உன் பார்சலும் வந்தது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, இருமல் மாத்திரை ஒரு டப்பா, என் மருமகள் குட்டி வரைந்த பலூன் படம். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்துவிட்டேன். நான் கேட்டது மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் நான்காக மடித்த அரசாங்க அறிவிப்பு ஒன்று இருந்தது. "நிக்கோடின் திரவம் இனி டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் விற்கப்பட மாட்டாது." அதன் கீழே நீ சிவப்பு மையால் கோடு வேறு போட்டிருக்கிறாய். எனக்குப் படிக்கத் தெரியும் அக்கா.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிகரெட்டை விடச் சொல்லி, அதற்குப் பதிலாக ஊதுகிற அந்த மின்சார பீப்பியை என் கையில் திணித்தது யார்? நீதான். "புகையை விடு, இதை ஊதித் தொலை, அப்புறம் இதையும் விட்டுடு" என்றாய். முதல் பாதியைச் செய்துவிட்டேன். இரண்டாவது பாதிக்கு இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும். அதற்குள் பீப்பியில் ஊற்றுகிற திரவத்தைச் சட்டம் போட்டுப் பூட்டிவிட்டீர்கள். என்னிடம் மிச்சம் இருப்பது பாட்டிலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும். தினமும் ஹைட்ரஜன் வாயுவை நிரப்பி வானிலை பலூனை மேலே விடுகிறேன். கொட்டகைக்குள் போகும்முன் நைலான் துணியைக் கழற்றி, வாசலில் இருக்கிற செம்புக் கம்பியைத் தொட்டு உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஒரு பொறி பட்டால் போதும், குட்டி வரைந்த படம் மட்டும்தான் மிஞ்சும். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவன் பாக்கெட்டில் லைட்டர் வைத்திருந்ததற்கே மலையை விட்டுக் கீழே மாற்றப்பட்டான். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் எங்கள் நிலையத் தலைவர், பெரியவர், எனக்குக் கொட்டகைச் சாவியைக் கொடுத்தார்.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? வண்டி ஓட்டுநரிடம் சிகரெட் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. அதற்கு எந்த டாக்டரின் சீட்டும் வேண்டாம். ஆளைக் கொல்கிறதைச் சும்மா கொடுப்பார்கள், அதிலிருந்து தப்பிக்கிறதற்குச் சீட்டு கேட்பார்கள்.

இங்கே செல்போன் எடுக்காது. வயர்லெஸ்ஸில் கேட்கலாம் என்றால் வானிலை நிலையம் இருக்கிற எட்டு மலையும் கடலில் இருக்கிற படகுகளும் சேர்ந்து கேட்கும். அதனால்தான் கடிதம். நீ மருந்துக் கடைக்காரி. உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற அலமாரியில் அது இருக்கிறது. கையை நீட்டினால் எட்டும். ஒரே ஒரு பாட்டில்.

தம்பி

காலுறை நன்றாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.


பிப்ரவரி 12

டேய்,

கையை நீட்டினால் எட்டாது. அலமாரிக்குப் பூட்டுப் போட்டாயிற்று, சாவி என் கழுத்தில் தொங்குகிறது. இன்ஸ்பெக்டர் வாராவாரம் வந்து ஒவ்வொரு பாட்டிலுக்கும் சீட்டைக் கேட்கிறார். ஒன்று குறைந்தால் என் உரிமம் போகும். உரிமம் போனால் கடை போகும். உனக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று நான் ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன் என்று நினைக்காதே. வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். புரண்டது வேறு விஷயம்.

உன்னைப் போலத் தினமும் பத்துப் பேர் வருகிறார்கள். நேற்று ஒரு பஸ் டிரைவர் வந்தார். "ஒரே ஒரு பாட்டில்மா. பஸ்ஸை ஓரமா நிறுத்திட்டு வந்திருக்கேன், ஜனங்க உள்ளே உக்காந்திருக்காங்க" என்றார். சீட்டு இல்லை. முடியாது என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார், அப்போதும் முடியாது என்றேன். நேரே பக்கத்துக் கடைக்குப் போய்ச் சிகரெட் வாங்கி, என் கண்ணாடிக் கதவுக்கு எதிரிலேயே நின்று பற்ற வைத்தார். என்னைப் பார்த்துக்கொண்டே இழுத்தார். எனக்கு அவமானமாக இருந்தது. நீ சொல்கிற வேடிக்கை எனக்கும் தெரியும், அதை நான் தினமும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இன்னொன்றையும் கேள். குட்டியின் வகுப்பில் ஒரு பிள்ளையின் பென்சில் டப்பாவில் அந்த பீப்பி இருந்திருக்கிறது. பேனா மாதிரியே இருக்குமாம், பஞ்சுமிட்டாய் வாசனை வருமாம். "மிட்டாய்ப் பேனாம்மா, எல்லாரும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாங்க" என்று குட்டி என்னிடம் சாதாரணமாகச் சொல்கிறாள். "நீ?" என்று கேட்டேன். பதில் சொல்வதற்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் இழுக்கவில்லை. ஆனால் சட்டம் எதற்கு வந்தது என்று அன்றைக்குப் புரிந்துவிட்டது. அது உனக்காகப் போட்டது இல்லை, நீயும் அதில் மாட்டிக்கொண்டாய்.

வழி ஒன்றுதான். கீழே இறங்கி வா. டாக்டரைப் பார். சீட்டைக் கொண்டுவா. நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

ஆனால் நீ இறங்க மாட்டாய். அப்பாவுக்காகவே நீ இறங்கவில்லை.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

உன் கடைசி வரியைப் படித்தேன். அதை நீ அடித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம். உன்னிடம் சிவப்பு மை இருக்கிறதே.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த வாரம் மலைப்பாதை சரிந்து கிடந்தது. வண்டி வரவில்லை. நடந்து இறங்கப் பார்த்தேன், பாதி வழியில் பாதையே இல்லை. இதை முன்பும் எழுதியிருக்கிறேன். இனி எழுத மாட்டேன்.

திரவத்துக்கு நானே ஏற்பாடு செய்துகொண்டேன். ஓட்டுநர் யாரிடமோ சொல்லி ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். லேபிள் கிடையாது. ஸ்ட்ராபெரி வாசனை. "இது கெட்டிச் சரக்கு. வெறும் திரவம் தனி டப்பாவில இருக்கு, அதை ஊத்திக் கலந்துக்கணும்" என்றார். கலந்துகொள்கிறேன். உன் கழுத்தில் தொங்குகிற சாவி பத்திரமாக இருக்கட்டும்.

தம்பி


மார்ச் 9

தம்பி,

அந்தப் பாட்டிலைத் திறக்காதே. திறந்திருந்தால் மூடு. மூடும்போது கையில் ரப்பர் உறை போட்டுக்கொள். கையில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிக்கொண்டே இரு.

நான் கோபத்தில் எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன். கெட்டி நிக்கோடின் என்பது விஷம். அதை வாயில் விட்டுக்கொள்ளவே தேவையில்லை, தோலில் பட்டாலே உடம்புக்குள் போகும். லேபிள் இல்லாத பாட்டிலில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று உனக்கும் தெரியாது, ஓட்டுநருக்கும் தெரியாது, அதை ஊற்றியவனுக்கும் தெரிந்திருக்காது. ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு குத்துமதிப்பாகக் கலக்கிற சமாச்சாரம் இல்லை இது.

உன் கடிதம் கைக்கு வந்ததும் உங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வயர்லெஸ்ஸில் ஒரு தகவல் சொல்ல வேண்டும் என்றேன்.

"வானிலைக்கும் உயிர் ஆபத்துக்கும் மட்டும்தாம்மா வயர்லெஸ்" என்றார் ஒருவர்.

"இது உயிர் ஆபத்துதாங்க."

"யாருக்கு என்ன ஆச்சு?"

"இன்னும் ஒண்ணும் ஆகலை."

"ஆனதும் சொல்லுங்கம்மா" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வண்டி எப்போது மலையேறும் என்று தெரியும். அதுவரை இந்தக் கடிதம் கீழே கிடக்கும், அதுவும் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன், சும்மா உட்கார முடியவில்லை. கடையில் ஒரு பாட்டியம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரைக்குப் பதிலாக வயிற்றுவலி மாத்திரையை எடுத்துவிட்டேன். நல்லவேளை, கொடுப்பதற்கு முன்னால் பார்த்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படி ஆனதில்லை.

திறக்காதேடா.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

முதலில் ஒரு வானிலைச் செய்தி. போன செவ்வாய்க்கிழமை இந்த வட்டாரம் முழுக்க நல்ல வெயில், பேருக்குக்கூட மேகம் இல்லை. ஆனால் எங்கள் மலையில் மட்டும் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே மழை பெய்தது என்று தலைமை அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினோம். அந்த மழையில் ஸ்ட்ராபெரி வாசனை அடித்தது.

நீ சிரிக்க மாட்டாய். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

திரவத்தைக் கலப்பதற்கு அளவு சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். சமையலறையில் இருக்கிற டம்ளரை நம்ப முடியாது. இந்த மலையிலேயே ஒழுங்காகக் கோடு போட்ட பாத்திரம் ஒன்றுதான் உண்டு, மழையை அளக்கிற கண்ணாடிக் குவளை. திங்கட்கிழமை சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் அதை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறை மேடையில் வைத்துக் கலந்தேன். கலந்து முடித்ததும் பத்துத் தடவை கழுவி வைத்துவிடுவதாகத்தான் திட்டம். பாட்டிலின் மூடி இறுகிப்போயிருந்தது. பல்லால் கடிக்காமல் விட்டேனே, அதுவரைக்கும் என் நல்ல காலம். திருகித் திறந்தபோது விரலெல்லாம் வழிந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் மலை சுற்ற ஆரம்பித்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது வெளியே கேட்டிருக்கும். குவளையை யாரும் பார்க்காத இடத்தில் வைக்க வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருந்தது. அதை அது எப்போதும் இருக்கிற மேஜையில் வைத்தேன். எப்போதும் இருக்கிற இடத்தில் இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று அந்த நிலைமையில் எனக்குத் தோன்றியிருக்கிறது. பிறகு கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். படுத்தேன். மறுபடியும் எடுத்தேன்.

இங்கே பெரியவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. மழைமானியில் இருப்பதை ஒருவர் குவளையில் ஊற்றி மேஜையில் வைக்க வேண்டும், இன்னொருவர் அளவைப் படிக்க வேண்டும். ஊற்றினவரே படிக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை ஊற்றுகிற முறை என்னுடையது, படிக்கிற முறை தாடியுடையது. தாடி என்றால் என்னோடு வேலை செய்கிறவர், முகத்தில் பாதி அதுதான். நான் படுக்கையில் கிடக்கிறேன். தாடி தூக்கக் கலக்கத்தில் வருகிறார். மேஜையில் குவளை இருக்கிறது, குவளையில் திரவம் இருக்கிறது. தம்பி ஊற்றி வைத்துவிட்டான் என்று நினைத்துக் கோட்டைப் படித்துச் செய்தியை அனுப்பிவிட்டார். வெளியே எட்டிப் பார்த்திருந்தால் தரை காய்ந்து கிடப்பது தெரிந்திருக்கும். பார்ப்பது அவர் வேலை இல்லை. அவர் வேலை படிப்பது.

தலைமை அலுவலகம் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டது. "எட்டு மலையில ஏழு மலை வறண்டு கெடக்கு. உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு மழை?"

பெரியவர் மேஜைக்குப் போனார். குவளையை எடுக்காமல் குனிந்து முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்தார். பிறகு என் கட்டிலுக்கு வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டார். வேட்டியைக் கழற்றச் சொல்லி அதைத் தனியாகப் போட்டார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. "வாசனை நல்லாருக்கிற சாமான் எதையும் நான் நம்புறதில்ல" என்றார்.

வயர்லெஸ்ஸில் உயிர் ஆபத்து என்று சொல்லி டாக்டரைக் கேட்டார்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லி, படுக்க வைத்து, தாடி பக்கத்திலேயே உட்கார்ந்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆகும்போது மலை சுற்றுவது நின்றது. இப்போது எனக்கு ஒன்றும் இல்லை அக்கா. சாப்பிடுகிறேன், நடக்கிறேன், திட்டு வாங்குகிறேன்.

நான் எல்லாவற்றையும் பெரியவரிடம் சொல்லிவிட்டேன். ஓட்டுநரிடம் வாங்கிய சிகரெட் பாக்கெட் ஒன்று சட்டைப் பையில் இருந்தது. பிரிக்காத பாக்கெட். அதையும் எடுத்து வைத்தேன். அவர் அதைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"மழையைத் திருத்தி அனுப்பிட்டேன். உன்னை என்ன பண்றது?" என்றார்.

கொட்டகைச் சாவியை வாங்கிக்கொண்டார். "ஆசை அடங்காத கையை பலூன் பக்கத்துல விட மாட்டேன். உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், தாடிக்கும் ஒரு வீடு இருக்கு" என்றார். இந்தப் பருவம் முடிவதற்குள் சட்டப்படி ஒரு வழி செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் என்னைக் கீழே மாற்றச் சொல்லி எழுதிவிடுவார். கீழே என்றால் அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிற வேலை. நான் காலையில் பலூனை விட்டுவிட்டு, அது புள்ளியாகிற வரைக்கும் அண்ணாந்து நிற்பேன். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் இங்கே இருக்கிறேன். அது போய்விடும்.

திறக்காதே என்ற உன் கடிதம் இந்த வண்டியில்தான் வந்தது. பாட்டிலை ஒரு தகர டப்பாவில் வைத்துப் பூட்டி, உன்னிடம் சேர்க்கச் சொல்லி இந்த வண்டியிலேயே அனுப்புகிறார். ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

தம்பி


மார்ச் 18

டேய் தடியா,

ஒரு கடிதத்தில் "நான் நன்றாக இருக்கிறேன்" என்பதை முதல் வரியில் எழுத வேண்டும். மழையில் ஆரம்பித்து, குவளையில் இறங்கி, தாடியைச் சுற்றிக்கொண்டு வந்து, மூன்றாவது பக்கத்தில் "எனக்கு ஒன்றும் இல்லை அக்கா" என்கிறாய். அந்த வரி வருகிற வரைக்கும் நான் கடையில் நின்றுகொண்டே படித்தேன். வந்ததும் மருந்துப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பெட்டி நசுங்கிவிட்டது.

உன் பெரியவருக்கு என் நமஸ்காரம். அவர் காலைத் தொட்டு நான் கும்பிட்டதாகச் சொல். அவர் கை கழுவிவிட்டது உன்னைக் காப்பாற்றியிருக்கிறது. தகர டப்பாவை இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைத்தேன். அவர்கள் பரிசோதித்துப் பார்த்ததில், அனுமதித்த அளவைப் போல எத்தனையோ மடங்கு கெட்டியாம். இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்தார். "யாருக்குங்க இது வந்தது?" என்றார். "என் தம்பிக்கு" என்றேன். "இருக்காரா?" என்றார். இருக்கிறான் என்றேன். அந்த மனுஷன் நாற்காலியை என் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னார். இவ்வளவு நாளாக அவரைப் பூட்டுப்போடும் பூதம் என்று நினைத்திருந்தேன்.

இனி உருப்படியான விஷயம். கடையைப் பூட்டிவிட்டு டாக்டர்களைத் தேடிப் போனேன். முதல் டாக்டர் "ஆள் வரட்டும்" என்றார். இரண்டாவது டாக்டர் இந்தத் திரவத்தின் பெயரைக் கேட்டதுமே எழுந்துவிட்டார். மூன்றாவதாகப் பார்த்த நெஞ்சு டாக்டர் ஒரு வயதான அம்மா. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "நேர்ல வர முடியாத இடத்துல வேலை பார்க்கறவங்களை முதல் தடவை குரல் வழியாப் பார்க்கலாம்னு சட்டத்துலயே இருக்கேம்மா. இதுவரைக்கும் என்னை யாரும் கேட்டதில்ல. ரெண்டாவது தடவை நேர்ல வந்தே ஆகணும்" என்றார். நான் சிவப்பு மையால் கோடு போட்டேனே, அந்த அறிவிப்பின் பின்பக்கத்தில் இருக்கிறது அது. நான் பின்பக்கத்தைத் திருப்பவே இல்லை.

உங்கள் நிலையத்தின் தலைவர் எழுதிக் கேட்டால் தலைமை அலுவலகம் வயர்லெஸ்ஸை டாக்டரின் போனோடு இணைத்துத் தரும். பெரியவரிடம் கேள். மானம் போகிறது, மரியாதை போகிறது என்று ஆரம்பிக்காதே.

அந்த சிகரெட் பாக்கெட் இப்போது எங்கே? பிரித்தாயா?

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். (முதல் வரி. திருப்தியா?)

பாக்கெட் பெரியவரின் அலமாரியில் இருக்கிறது. பிரிக்கவில்லை. ஒரே ஒரு தடவை அலமாரிப் பக்கம் போய் முகர்ந்து பார்த்தேன். மரக்கதவின் வாசனைதான் வந்தது.

உன் டாக்டர் அம்மாவோடு நேற்றுப் பேசினேன். நான் மட்டுமா பேசினேன், ஊரே கூடியல்லவா பேசியது! காலை வானிலைச் செய்தி முடிந்ததும் எல்லா மலையும் கருவியை அணைத்துவிட வேண்டும் என்று தலைமை அலுவலகம் உத்தரவு போட்டது. ஒருவரும் அணைக்கவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பது போல எல்லோரும் காத்திருந்திருக்கிறார்கள்.

டாக்டர் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, சளி என்ன நிறம், தூக்கம் எப்படி. ஒவ்வொரு பதிலுக்கும் கடைசியில், பேசி முடித்துவிட்டேன் என்பதற்கு, நான் "ஓவர்" என்று சொல்ல வேண்டும். "மஞ்சளா இருக்கு, ஓவர்." தாடி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். இனி எந்த மலைக்கு மாற்றினாலும் என் சளியின் நிறம் அங்கே முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

நடுவில் ஒரு குரல் நுழைந்தது. "ஐந்தாம் மலை பேசுறேன். டாக்டர், குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். அதே பிரச்சினைதான் எனக்கும். ஓவர்." அடுத்து ஒரு மீன்பிடிப் படகு. "எங்க படகுல மூணு பேரும்மா." தலைமை அலுவலகத்துக்காரர் கத்தினார். டாக்டர் அம்மா சிரித்துவிட்டு, "ஒருத்தர் ஒருத்தரா வாங்க. முதல்ல இந்தப் பிள்ளையை முடிக்கிறேன்" என்றார். வானிலைத் துறையில் இனி வாரம் ஒரு நாள் டாக்டர் நேரம் வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. என் மானத்தை விற்று எட்டு மலைக்கும் வைத்தியம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இது சாகும்வரை ஊதுவதற்கான அனுமதி இல்லை என்பதை அழுத்திச் சொன்னார். குறைந்த அளவில் ஆரம்பித்து இன்னும் குறைத்துக்கொண்டே போய் ஒருநாள் வெறும் காற்றில் முடிக்க வேண்டும். வாசனை எதுவும் கிடையாது. சரி என்றேன். ஸ்ட்ராபெரி என்றாலே இப்போது எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது.

கடைசியாக, எதற்காக விட வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். ஏதோ சொன்னேன். சீட்டு எழுதி உன் கடைக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

தம்பி


ஏப்ரல் 14

தம்பி,

சீட்டு வந்தது. கழுத்துச் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து உன் பாட்டிலை எடுத்தேன். சீட்டைக் கோப்பில் வைத்தேன். மற்ற எல்லோருக்கும் செய்வது போலவே செய்தேன். லேபிளில் அளவையும் "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்பதையும் அச்சடித்திருக்கிறது. "மழைக்குவளையில் ஊற்றக் கூடாது" என்று நான் கையால் எழுதியிருக்கிறேன். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நீ "ஏதோ சொன்னேன்" என்று எழுதியிருந்தாய். நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியும். நான் அந்த அறையில் இருந்தேன்.

டாக்டர் அம்மாதான் வரச் சொன்னார். வேறு யாரும் பேசக் கூடாது என்பது தலைமை அலுவலகத்தின் நிபந்தனை, அதனால் நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சளியின் நிறத்துக்குச் சிரிப்பை அடக்கினேன். பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அப்புறம் நீ சொன்னாய்: "எங்கப்பா நெஞ்சு நோயிலதாங்க போனாரு. அந்த வாரம் பூரா ஆஸ்பத்திரி பெஞ்சுல எங்கக்கா ஒத்தையா உக்காந்திருந்தா. என்னால போக முடியல. எனக்காக ஒரு தடவை அவ அந்த பெஞ்சுல உக்காரக் கூடாது. அவ்ளோதாங்க. ஓவர்."

எட்டு மலையும் படகுகளும் கேட்டுக்கொண்டிருந்தன என்கிறாயே, அதற்குப் பிறகு ஒரு குரலும் வரவில்லை. டாக்டர் அம்மா ரிசீவரை என் பக்கம் நீட்டினார். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். நிபந்தனைக்குப் பயந்து இல்லை. வாயைத் திறந்தால் எட்டு மலைக்கும் என் அழுகைதான் கேட்டிருக்கும்.

பாதை சரிந்தது எனக்கு அன்றைக்கே தெரியும்டா. செய்தியில் சொன்னார்கள். நீ பாதி வழி நடந்து திரும்பியதையும் அப்போதே நம்பினேன். ஆனால் அந்த பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தபோது யார் மேலாவது கோபப்பட்டால்தான் நிமிர்ந்து உட்கார முடிந்தது. கிடைத்தவன் நீ. அப்புறம் அந்தக் கோபத்தைக் கீழே வைக்கத் தெரியவில்லை. இப்போது வைத்துவிட்டேன். உடம்பு லேசாக இருக்கிறது.

பாட்டிலை அனுப்புகிறேன். இரண்டாவது தடவை நேரில் வர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, நினைவிருக்கட்டும். நான் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம்தான்.

அக்கா


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன்.

எழுத்து கோணல் மாணலாக இருக்கும். வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மலை இறங்குகிறது, ஓட்டுநர் என்மேல் இன்னும் கோபமாக இருக்கிறார், பள்ளம் பார்த்து ஏற்றுகிறார். பிரிக்காத அந்த சிகரெட் பாக்கெட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அதில் இன்னும் கோபம்.

நேற்று உன் பாட்டில் வந்தது. பெரியவர் லேபிளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். நீ கையால் எழுதியிருந்த வரிக்கு வந்ததும் முதல் தடவையாக அவர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். பிறகு கொட்டகைச் சாவியை மேஜையில் வைத்தார். இன்று காலை கொட்டகைக்குப் போனேன். செம்புக் கம்பியைத் தொட்டேன். நிரப்பினேன், விட்டேன். காற்று இல்லை, நேராகப் போயிற்று. தாடியும் என் பக்கத்தில் வந்து அண்ணாந்து நின்றார். அது புள்ளியாகி மறைந்ததும், "சரி, கிளம்பு. உங்கக்கா காத்திருப்பாங்க. நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

டாக்டர் நேரில் பார்க்க வேண்டுமே, அதற்காகத்தான் வருகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இந்தச் சட்டத்தை எவ்வளவு திட்டியிருக்கிறேன்! கடைசியில் என்னை மலையை விட்டு இறக்கியது அதுதான்.

கையிலேயே கொண்டுவருகிற கடிதத்தை ஏன் எழுத வேண்டும் என்று கேட்பாய். உன்னை நேரில் பார்த்தால் நான் காலுறையைப் பற்றித்தான் பேசுவேன். நீ என் உடம்பு இளைத்ததைப் பற்றிப் பேசுவாய். பேச வேண்டியதை இரண்டு பேரும் பேச மாட்டோம். அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்காக இறங்க முடியவில்லை என்பது தினமும் என் நெஞ்சில் கிடந்தது. நீ அதை நம்பியிருந்தாய் என்று படித்ததும் நேற்று நன்றாகத் தூங்கினேன்.

கடை வந்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று இதை முடிக்கிறேன். வரிசை கதவு வரைக்கும் நீண்டிருக்கிறது. எனக்கு முன்னால் நிற்கிறவர் பஸ் டிரைவர் உடுப்புப் போட்டிருக்கிறார், கையில் டாக்டர் சீட்டை விரித்துப் பிடித்திருக்கிறார். அவருக்குக் கொடுத்துவிட்டு, "அடுத்து யாரு?" என்று நீ கேட்கும்போது தலையை நிமிர்த்திப் பார்.

நான்தான்.

தம்பி